தண்ணீரில் ஓடும் சிலிக்கான் கார்பைடு வளையத்தில் குழிகள் எதற்கு?

கேள்வி: வணக்கம். தண்ணீர் பம்பு ஒன்றில், சுழலும் தண்டைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் இரு வளையங்களின் முகங்களால் அடைக்கும் மெக்கானிக்கல் சீலைக் கழற்றிப் பார்த்தேன். சிலிக்கான் கார்பைடு வளையங்களில் ஒன்றின் முகம் கண்ணாடிபோல் இருந்தது. மற்றதன் முகத்தில் லேசரால் இட்ட குழிகள் புள்ளிகளாகத் தெரிந்தன. வழவழப்பான பரப்பில்தான் உராய்வு குறையும் என்று படித்திருக்கிறேன். பிறகு ஏன் குழி இடுகிறார்கள்?

மறுமொழி: காரணம் தண்ணீரிடம் இருக்கிறது. 20 டிகிரி செல்சியஸில் அதன் பாகுத்தன்மை சுமார் 1 மில்லிபாஸ்கல் நொடிதான். எந்திர எண்ணெய்க்கு அது பல பத்து மடங்கு. அழுத்தம் ஏறினால் எண்ணெய் தடிக்கும், தண்ணீர் அப்படித் தடிப்பதில்லை. ஆகவே முகங்களுக்கிடையே நிற்கும் நீர்ப்படலம் மிக மெலிதாகி, எளிதில் அறுந்துவிடும். எதிர்முகம் குழியின் மேல் நகரும்போது, இடைவெளி விரியும் பக்கத்தில் அழுத்தம் ஓரளவுக்கு மேல் இறங்க முடியாமல் நீர் குமிழியாகிறது. குறுகும் பக்கத்திலோ அழுத்தம் தடையின்றி ஏறுகிறது. இந்த ஏற்றம் இறக்கத்தைவிட மிகுவதால் முகங்கள் சற்றே விலகி நிற்கின்றன. இஸ்ரேலின் ஹைஃபாவிலுள்ள டெக்னியான் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் எட்சியான் 1990களில் சீல்களுக்கு வகுத்த கணக்கு இதுவே.

மறுமொழி: எந்தக் குழியும் உதவும் என்று எண்ணிவிடக் கூடாது. ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் கத்தோவின் குழுவினர் தண்ணீரில் ஓடும் சிலிக்கான் கார்பைடைச் சோதித்து, பரப்பில் ஏறத்தாழ 5 சதவீதம் குழியாகவும், ஆழம் விட்டத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பங்காகவும் இருந்தால், படலம் அறுவதற்கு முன் தாங்கும் சுமை இருமடங்குக்கு மேல் உயர்வதாகக் கண்டனர். குழி மிகுந்தால் சுமை தாங்கும் பரப்பு குறைந்துவிடும். லேசர் உருக்கிய விளிம்பு மேடாக நின்றால் எதிர்முகத்தைக் கீறிவிடும் என்பதால், குழி இட்டபின் முகத்தை லேப்பிங் (நுண்பொடியால் தேய்த்துச் சமமாக்குதல்) செய்தே தீர வேண்டும். என் அனுபவத்தில் பலரும் தவறுவது இங்கேதான்.

கேள்வி கேட்டவர்: நன்றி. குழிகளுக்குள் பழுப்பு நிறப் பொடி இறுகிக் கிடக்கிறது. அது எதைக் காட்டுகிறது?

மறுமொழி: பெரும்பாலும் குழாயின் துருவாக இருக்கும். குழிகள் பிடித்து வைத்திராவிட்டால் அத்துகள்கள் முகங்களுக்கிடையே உருண்டு கீறியிருக்கும். தேய்மானம் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் நிரம்பிய குழி படலத்தைத் தாங்காது. பம்பு புறப்படும்போது தேவைப்படும் நீரும் அதில் தங்காது. அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவி, ஹீலியம் ஒளியின்கீழ் ஆப்டிகல் ஃபிளாட் (மிகத் தட்டையான கண்ணாடித் தகடு) வைத்து, அதில் தெரியும் ஒளிப்பட்டைகளை எண்ணிப் பாருங்கள். ஒரு பட்டை 0.29 மைக்ரோமீட்டர் உயர வேறுபாட்டைக் காட்டும். முகம் மூன்று பட்டைகளுக்கு மேல் வளைந்திருந்தால் முகத்தை மறுபடி லேப்பிங் செய்யுங்கள், ஆனால் அதில் குழியின் ஆழமும் சேர்ந்து குறையும் என்பதை மறக்க வேண்டாம்.