பழைய டெஸ்க்டாப்பில் கன்டெய்னர்: டாக்கரா, ரூட் இல்லாத பாட்மேனா?

கூடல்நகர்_குனு

வீட்டில் சும்மா கிடக்கும் மெஷினில் கன்டெய்னர் (ஒரு சாப்ட்வேரையும் அதற்குத் தேவையானதையும் தனிப் பெட்டியாக அடைத்து ஓட்டும் முறை) ஓட்டணும் என்று யார் கேட்டாலும் இங்கே முதல் பதில் "டாக்கரைப் போடு" என்பதுதான். அதை நான் மறுக்கிறேன்: அதே வேலையை ரூட் (மெஷினின் முழு அதிகாரம்) இல்லாமல் செய்யும் பாட்மேனே மேல்.

பேச வசதியாக ஒரு மெஷினை எடுத்துக்கொள்வோம். ஆபீஸில் கழித்துவிட்ட நாலாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 240 ஜிபி எஸ்எஸ்டி, யூஎஸ்பியில் ஒரு 2 டிபி டிஸ்க். மேலே டெபியன் 13 லினக்ஸ். வேலை மூன்று: குடும்பப் போட்டோவுக்கு இம்மிச், பத்திரம், பட்டா, ரசீது ஸ்கேன்களுக்குப் பேப்பர்லெஸ், விளம்பரத்தை மறிக்க பை-ஹோல், அதுதான் வீட்டுக்கு டிஎன்எஸ் (சைட் பெயரை ஐபியாக மாற்றித் தருவது).

டாக்கரின் டீமன் (பின்னணியில் எப்போதும் ஓடும் ப்ரோகிராம்) ரூட்டாக ஓடுகிறது. வசதிக்காக உங்கள் யூசரை டாக்கர் குரூப்பில் சேர்ப்பீர்கள். சேர்த்த நிமிடமே அந்த யூசர் ரூட்டுக்குச் சமம். ஹோஸ்டின் மொத்த ஃபைல் சிஸ்டத்தையும் ஒரு கன்டெய்னருக்குள் மவுண்ட் செய்து, பாஸ்வேர்டு கேட்காமலே, யூசர்களின் பாஸ்வேர்டு விவரம் இருக்கும் ஷேடோ ஃபைலைத் திருத்திவிடலாம். பாட்மேனில் டீமனே கிடையாது. கன்டெய்னருக்குள் ரூட்டாக இருப்பவன் வெளியே உங்கள் சாதாரண யூசர்தான். உடைத்துக்கொண்டு வெளியே வந்தாலும் அவனால் உங்கள் ஹோம் டைரக்டரிக்கு மேல் பெரிதாக எதையும் தொட முடியாது. வீட்டுப் பத்திரமெல்லாம் இருக்கும் மெஷினுக்கு இந்த வேலி வேண்டும்.

தெப்பக்குளம்_24

வேலி சரிங்க. ஆனா வீட்டை யாரு பராமரிக்கிறது? இம்மிச் ப்ராஜெக்ட்டே கொடுக்கிறது டாக்கர் கம்போஸ் ஃபைல்தான், எந்தெந்த கன்டெய்னரை எப்படி ஓட்டணும்னு எழுதின பட்டியல். பேப்பர்லெஸும் அப்படித்தான். ஃபைலை இறக்கி, என்வ் ஃபைல்ல (செட்டிங் ஃபைல்) பாஸ்வேர்டையும் போட்டோ ஃபோல்டரையும் மாத்தி, "டாக்கர் கம்போஸ் அப் மைனஸ் டி" அடிச்சா முடிஞ்சுது. அடுத்த வெர்ஷன்ல ஏதாவது மாறினாலும் அவங்க அந்த ஃபைலைத்தான் மாத்துவாங்க. பாட்மேன்ல இருக்கிறவர் ஒவ்வொரு தடவையும் அதை குவாட்லெட்டா (லினக்ஸ்ல சர்வீஸ்களைக் கிளப்புற சிஸ்டம்டிக்கு எழுதுற கன்டெய்னர் ஃபைல்) மொழிபெயர்த்துக்கிட்டு உக்காரணும். பாட்மேன்-கம்போஸ் இருக்கேன்னு சொல்வீங்க. அது எல்லா வரியையும் டாக்கர் கம்போஸ் மாதிரியே நடத்துறதில்ல.

அதோட, நீங்க டெபியன் 13-னு வச்சுக்கிட்டுப் பேசுறீங்க. பாதிப் பேர் மெஷின்ல இன்னும் 12 ஓடுது. அதுல வர்றது பாட்மேன் 4.3. குவாட்லெட் வந்தது 4.4-ல. கைடைப் பார்த்து கன்டெய்னர் ஃபைல் எழுதி வச்சுட்டு, சிஸ்டம்டி ஏன் யூனிட்டே (அந்த சர்வீஸே) இல்லைங்குதுன்னு ராத்திரி பூரா தேடுவாங்க.

ஆரம்பிக்கிறவர் முட்டிக்கிற இடமெல்லாம் இதுதான்: இமேஜ் பேரை முழுசா, முன்னாடி டாக்கர் டாட் ஐஓ சேர்த்து எழுதலேன்னா டெபியன்ல பாட்மேன் இழுக்காது. 1024-க்குக் கீழ போர்ட் திறக்காது. லாக்அவுட் பண்ணினா கன்டெய்னர் செத்துப்போகும். டாக்கர்ல இந்த மூணும் கிடையாது.

கூடல்நகர்_குனு

மூன்றும் உண்மை. மூன்றும் ஒரே ஒரு தடவை செய்யும் வேலை. "லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர்" என்று உங்கள் யூசர் பெயரோடு அடித்தால் லாக்அவுட் பிரச்சினை தீர்ந்தது, ரீபூட்டிலும் தானாகக் கிளம்பும். போர்ட்டுக்கு சிஸ்சிடிஎல்-இல் நெட் ஐபிவி4 பகுதியின் "ஐபி அன்பிரிவிலெஜ்டு போர்ட் ஸ்டார்ட்" மதிப்பை 53 (டிஎன்எஸ்ஸின் போர்ட்) ஆக்குங்கள், பை-ஹோலுக்கும் வழி கிடைக்கும். 12-இல் இருப்பவர் 13-க்கு ஏறட்டும், அதில் பாட்மேன் 5.4 இருக்கிறது.

டாக்கரில் சத்தமில்லாமல் நடக்கும் ஒன்றை நீங்கள் சொல்லவில்லை: ஃபயர்வால்.

மேலூர்_பைப்

அதை நான் சொல்றேன், நிறைய பேருக்குத் தெரியாத விஷயம். யூஎஃப்டபிள்யூங்கிற ஃபயர்வால் போட்டு எல்லாத்தையும் மூடிட்டோம்னு நிம்மதியா இருப்பாங்க. கம்போஸ் ஃபைல்ல போர்ட்ஸ் வரியில "5432:5432"-னு ஒண்ணு இருக்கும். டாக்கர் நேரா ஐபிடேபிள்ஸ்ல (லினக்ஸோட பாக்கெட் விதிப் பட்டியல்) நாட் விதி, அதாவது முகவரி மாத்துற விதி எழுதிடும். பாக்கெட் உள்ள வந்ததும் முகவரி மாறி ஃபார்வர்ட் பாதையில போயிடும். யூஎஃப்டபிள்யூ விதிகள் காவல் காக்கிறது இன்புட் பாதையில. அதனால "டினை 5432"-னு எழுதி வச்சிருந்தாலும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் திறந்தே கிடக்கும். யூஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸ் பார்த்தா மூடியிருக்குன்னு காட்டும்.

வீட்டு ரூட்டருக்கு உள்ளதானே இருக்கு, என்ன ஆகப்போகுதுன்னு நினைக்காதீங்க. அதே வைஃபைலதான் அப்டேட்டே வராத சிசிடிவி கேமராவும் டிவி பாக்ஸும் இருக்கு.

தெப்பக்குளம்_24

இதை ஒத்துக்கிறேன். ஆனா மருந்து ஒரே வரிதான். டேட்டாபேஸுக்குப் போர்ட்ஸ் வரியே வேண்டாம், ஒரே கம்போஸ் நெட்வொர்க்ல இருக்கிற கன்டெய்னர்கள் பேரைச் சொல்லியே பேசிக்கும். வெளிய காட்டவேண்டிய வெப் போர்ட்டை "127.0.0.1:2283:2283"-னு எழுதி, முன்னாடி ஒரு ரிவர்ஸ் ப்ராக்ஸி (வெளிய இருந்து வர்றதை வாங்கி உள்ள கொடுக்கிறது) வையுங்க. கட்டாயம் விதி எழுதித்தான் ஆகணும்னா டாக்கர்-யூசர் செயின்ல எழுதணும், யூஎஃப்டபிள்யூல எழுதிப் பயனில்ல.

இப்ப ரூட் இல்லாத பாட்மேன் பக்கம் ஒண்ணு கேக்கிறேன். நாமளே ஒரு நெட்வொர்க் உண்டாக்கி அதுல பை-ஹோலை விட்டா, வர்ற கேள்வியெல்லாம் ஒரே ஐபில இருந்து வர்ற மாதிரித்தான் தெரியும். எந்த போன் எந்த சைட்டைக் கேட்டுச்சுன்னு பிரிக்க முடியாது. பையன் டேப்லெட்டுக்கு மட்டும் தனி விதின்னா எப்படி வைப்பீங்க?

கூடல்நகர்_குனு

நியாயமான கேள்வி. ரூட் இல்லாத நிலையில் அந்த நெட்வொர்க்குக்கான போர்ட்டை ஒரு சாதாரண ப்ராசஸ் கையில் வாங்கி உள்ளே கொடுக்கிறது. அதில் உண்மையான ஐபி தொலைந்துவிடும். நெட்வொர்க் எதுவும் சொல்லாமல் தனிக் கன்டெய்னராக விட்டால், பாட்மேன் 5-இல் பாஸ்தா என்ற நெட்வொர்க் கருவி வழியாகப் போகும், அதில் ஐபி தப்பிக்கும். இல்லையென்றால் பை-ஹோலை ஹோஸ்ட் நெட்வொர்க்கில் விடுங்கள். என்னைக் கேட்டால் டிஎன்எஸ்ஸைக் கன்டெய்னரில் வைக்கவே வேண்டாம், நேராக மெஷினில் போடலாம். கன்டெய்னர் எதுவோ மக்கர் செய்தால் வீட்டில் யாருக்கும் நெட் வராது.

அந்தச் சாதாரண ப்ராசஸ் முறையில் ஒரு லாபமும் உண்டு: பாக்கெட் இன்புட் பாதையில்தான் வரும். யூஎஃப்டபிள்யூ சொன்னதைக் கேட்கும்.

திருமங்கலம்_டெர்மினல்

தம்பிகளா, ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசுறீங்க. ஆனா கரன்ட்டைப் பத்தியும் டிஸ்க்கைப் பத்தியும் யாரும் வாயே திறக்கலையே. நம்ம ஊர்ல டேட்டா போறது அந்த வழியிலதான்.

முதல்ல டிஸ்க். யூஎஸ்பி டிஸ்க்கை எஃப்எஸ்டேப்ல (எந்த டிஸ்க்கை எங்க மவுண்ட் பண்ணணும்னு சொல்ற ஃபைல்) யூயூஐடி (டிஸ்க்கோட அடையாள எண்) போட்டு, "நோஃபெயில்" சேர்த்துத்தான் எழுதுவோம், இல்லேன்னா டிஸ்க் இல்லாதப்ப மெஷின் பூட் ஆகாம நிக்கும். கரன்ட் போய் வந்ததும் மெஷின் கிளம்புது. டிஸ்க் சுத்தி எந்திரிக்க நேரம் எடுக்குது. நோஃபெயில் இருக்கிறதால சிஸ்டம் காத்திருக்காது. டாக்கர் அதுக்குள்ள கன்டெய்னரைக் கிளப்பிடும். எம்என்டி-க்குக் கீழ "போட்டோ"ங்கிற ஃபோல்டர் இருக்கு, ஆனா அது எஸ்எஸ்டில இருக்கிற வெத்து ஃபோல்டர். அதுல எழுத ஆரம்பிக்கும். பத்து செகண்ட் கழிச்சு டிஸ்க் மவுண்ட் ஆகி அந்த ஃபோல்டரை மூடிடும். எல்எஸ் (ஃபைல் பட்டியல் கட்டளை) அடிச்சா பழைய படம் தெரியும், கன்டெய்னர் மட்டும் உள்ளுக்குள்ள பழைய வெத்து ஃபோல்டரையே பிடிச்சுக்கிட்டு எழுதிக்கிட்டு இருக்கும். 240 ஜிபி நிறைஞ்சு மெஷின் நிக்கும்போது டியூ (இடக் கணக்குக் கட்டளை) போட்டுப் பார்த்தாலும் அந்த இடம் எங்க போச்சுன்னு தெரியாது, மவுண்ட்டுக்கு அடியில மறைஞ்சு கிடக்கும்.

இம்மிச் இதுல கெட்டி. ஒவ்வொரு ஃபோல்டர்லயும் "டாட் இம்மிச்"னு ஒரு குறி ஃபைல் வச்சிருக்கும், அது இல்லேன்னா கிளம்பாம நிக்கும். அந்த எர்ரரைப் பார்த்துட்டு, நாமளே அந்த ஃபைலை உண்டாக்கி வச்சுட்டா தீர்ந்துச்சுன்னு செய்யாதீங்க. முதல்ல டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்கான்னு பாருங்க. எல்லா சாப்ட்வேரும் இம்மிச் மாதிரி பாத்துக்காது. அதனால டிஸ்க்கை அன்மவுண்ட் பண்ணிட்டு, அந்த வெத்து ஃபோல்டருக்கு "சாட்டர் பிளஸ் ஐ" போட்டு வையுங்க. அப்புறம் ரூட்டே நினைச்சாலும் அதுல எழுத முடியாது. மேல டிஸ்க் மவுண்ட் ஆகிறதுக்கு அது தடையில்ல.

தெப்பக்குளம்_24

அண்ணே, இது அருமையான விஷயம். டாக்கர்ல இன்னொரு பூட்டும் போடலாம்: டாக்கர் சர்வீஸுக்கு ஒரு சிஸ்டம்டி ஓவர்ரைடு (கூடுதல் செட்டிங்) எழுதி, யூனிட் பகுதியில "ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்"னு அந்தப் பாதையைச் சொன்னா, டிஸ்க் வந்த பிறகுதான் டாக்கரே கிளம்பும். குனு ஓட்டுறது யூசர் யூனிட். அது சிஸ்டம் யூனிட்டைச் சார்ந்து நிக்க முடியாது. இந்த இடத்துல டாக்கர்தான் மேல்.

கூடல்நகர்_குனு

சார்ந்து நிற்க முடியாதுதான். ஆனால் காத்திருக்க முடியும். குவாட்லெட் ஃபைலின் சர்வீஸ் பகுதியில் "எக்செக்ஸ்டார்ட்ப்ரீ"யாக மவுண்ட்பாயின்ட் கட்டளையை மைனஸ் க்யூவோடு, டிஸ்க்கின் பாதையைச் சொல்லி எழுதுங்கள். கீழே "ரீஸ்டார்ட்" ஆன்-ஃபெயிலியர், "ரீஸ்டார்ட்செக்" 30. மவுண்ட் ஆகும்வரை முப்பது செகண்டுக்கு ஒரு தடவை முயலும். உங்கள் முறையில் டிஸ்க் செத்தால் மொத்த டாக்கரும், அதோடு டிஎன்எஸ்ஸும் போகும். இதில் இம்மிச் மட்டும் நிற்கும்.

மேலூர்_பைப்

பெர்மிஷனையும் சொல்லிடுங்க குனு. பாட்மேனுக்கு மாறினவங்க அங்கதான் அதிகமா மாட்டுறாங்க.

கூடல்நகர்_குனு

சொல்கிறேன். சப்யூஐடி ஃபைலில், கன்டெய்னருக்குள் இருக்கும் யூசர்களுக்காக, உங்கள் யூசருக்கு 100000-இல் தொடங்கி 65536 எண்கள் ஒதுக்கப்பட்டிருக்கும். கன்டெய்னரின் 0 என்பது வெளியே நீங்கள், 1 என்பது 100000. போஸ்ட்கிரெஸ் உள்ளே 999 ஆக ஓடினால், வெளியே எல்எஸ் போட்டால் 100998 என்று தெரியும். "யார் இது" என்று பதறி சுடோ போட்டு உங்கள் பெயருக்கு மாற்றினால் டேட்டாபேஸ் கிளம்பாது. மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் "பாட்மேன் அன்ஷேர்" என்று முன்னால் சேர்த்து சௌன் 999:999 அடியுங்கள். அந்த ஃபோல்டரை டார் செய்யும்போதும் அதே அன்ஷேர் வேண்டும், இல்லையென்றால் "பெர்மிஷன் டினைட்".

யூஎஸ்பி டிஸ்க் விண்டோஸிலிருந்து வந்த என்டிஎஃப்எஸ் என்றால் போஸ்ட்கிரெஸை அதில் வைக்கவே கூடாது. டேட்டாபேஸ் எஸ்எஸ்டியில் எக்ஸ்ட்4-இல், படங்கள் மட்டும் டிஸ்க்கில்.

திருமங்கலம்_டெர்மினல்

டேட்டாபேஸ் ஓடிக்கிட்டு இருக்கும்போது அந்த ஃபோல்டரைக் காப்பி பண்றது பேக்கப் ஆகாது, டாக்கரோ பாட்மேனோ. போஸ்ட்கிரெஸோட பிஜி-டம்ப் கட்டளை போட்டு எடுத்த ஃபைல்தான் பேக்கப். இமேஜ்ல "லேட்டஸ்ட்"னு எழுதாம 16-னோ 17-னோ எண்ணைப் போடுங்க. 16-ல உண்டான டேட்டாவை 17 இமேஜ் திறக்காது.

இப்ப கரன்ட். இந்த மாதிரி டெஸ்க்டாப் சும்மா ஓடும்போது 50 வாட்ஸ்னு வைங்க. 24 மணி நேரம், 60 நாள்: ரெண்டு மாசத்துக்கு 72 யூனிட். வீட்டுக்கு இலவச யூனிட்டுக்கு ஒரு வரம்பு உண்டு. 500-ஐத் தாண்டினா கீழ் அடுக்குக்கும் விலை கூடிடும். கோடையில ஏசி ஓடுற வீடு 450-ல இருந்துச்சுன்னா இந்த 72 யூனிட்டே அந்தக் கோட்டைத் தாண்ட வச்சிடும். அதே வேலையைப் பழைய லேப்டாப் 12 வாட்ஸ்ல செஞ்சா 17 யூனிட் சொச்சம். மூடியை மூடினாலும் தூங்காம இருக்க லாகின்டி கான்ஃப்ல "ஹேண்டில்லிட்ஸ்விட்ச்" இக்னோர். பேட்டரி சார்ஜை 80-ல நிறுத்த வசதி இருந்தா நிறுத்துங்க, சித்திரை வெயில்ல முழுச் சார்ஜ்லயே கிடந்தா உப்பிடும்.

தெப்பக்குளம்_24

வீட்டு இன்வெர்ட்டர்ல இருக்குன்னா அந்தக் கவலை இல்லையேண்ணே?

திருமங்கலம்_டெர்மினல்

இருக்கு தம்பி. இன்வெர்ட்டர் பின்னாடி யூபிஎஸ் மோடு ஸ்விட்ச் இருக்கும், அதைப் போடலேன்னா மாறுற நேரத்துல மெஷின் ரீஸ்டார்ட் ஆகும். கபாசிட்டர் காஞ்சுபோன பழைய எஸ்எம்பிஎஸ்ஸுன்னா (மெஷினோட பவர் சப்ளை) அந்த மோடுலயும் விழலாம். அடுத்தது, பெரும்பாலான வீட்டு இன்வெர்ட்டர் கரன்ட் போனதை மெஷினுக்குச் சொல்லாது. மாசாந்திர பராமரிப்புக்குக் காலையில நிறுத்தினா சாயங்காலம் வரை கூட ஆகும், பேட்டரி தீர்ந்து திடீர்னு அணையும்.

அதுக்கு வழி: இன்வெர்ட்டர் லைன்ல இல்லாத பிளக்ல ஒரு ஸ்மார்ட் பிளக்கைச் சொருகி, அதுக்கு நிலையான ஐபி கொடுங்க. ரூட்டர் இன்வெர்ட்டர்லயே இருக்கட்டும். மெஷின் நிமிஷத்துக்கு ஒரு தடவை அதைப் பிங் பண்ணட்டும். தொடர்ந்து 20 தடவை பதில் இல்லேன்னா கன்டெய்னரையெல்லாம் நிறுத்திட்டு "ஆர்டிசிவேக் மைனஸ் எம் ஆஃப் மைனஸ் எஸ் 14400". நாலு மணி நேரம் கழிச்சுத் தானா எந்திரிக்கும். பயாஸ்ல இருக்கிற "கரன்ட் வந்தா கிளம்பு" செட்டிங் இங்க உதவாது, மெஷினைப் பொறுத்தவரை கரன்ட் போகவே இல்லையே.

மேலூர்_பைப்

லாக் பத்தி ஒரு வரி. டாக்கர் வழக்கமா ஜேசன் ஃபைல்ல எல்லையே இல்லாம எழுதிக்கிட்டே போகும். டீமன் ஜேசன்ல மேக்ஸ்-சைஸ் 10எம், மேக்ஸ்-ஃபைல் 3-னு போடணும், போட்ட பிறகு கன்டெய்னரை அழிச்சுத் திரும்ப உண்டாக்கணும், பழசுக்கு அது செல்லாது. குவாட்லெட்ல லாக் சிஸ்டம்டியோட ஜர்னலுக்குப் போகும், அதுக்குத் தானாவே உச்சவரம்பு இருக்கு. இது பாட்மேனுக்கு ஒரு மார்க்.

தெப்பக்குளம்_24

சரி, நான் நகர்ந்து வர்ற தூரத்தைச் சொல்லிடறேன். தனியா ஓடுற சின்னச் சின்ன கன்டெய்னருக்கு பாட்மேன் நல்லதுதான். இம்மிச் மாதிரி நாலு கன்டெய்னர் சேர்ந்து ஓடுற, அடிக்கடி மாறுற ஒண்ணுக்கு அவங்க கொடுத்த கம்போஸ் ஃபைலை விட்டு நான் விலக மாட்டேன். ரூட்தான் பயம்னா டாக்கருக்கே ரூட் இல்லாத மோடு இருக்கு, கம்போஸ் ஃபைல் அப்படியே ஓடும்.

கூடல்நகர்_குனு

அந்த மோடில் ஓட்டுவதானால் எனக்குச் சண்டையே இல்லை. லிங்கர், போர்ட், 100998 எல்லாம் அதிலும் அப்படியே வரும் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

பேப்பர்லெஸ் போடுகிறவர்களுக்கு ஒன்று விட்டுப்போனது. பத்திரங்களில் தமிழைத் தேட வேண்டுமானால் என்வ் ஃபைலில் இரண்டு இடத்தில் எழுத வேண்டும். "ஓசிஆர் லாங்குவேஜஸ்" (ஓசிஆர் என்பது படத்திலிருந்து எழுத்தைப் படிப்பது) என்பதில் தமிழுக்கான மூன்றெழுத்துக் குறியீடு, அது மொழிப் பொதியை இறக்கும். "ஓசிஆர் லாங்குவேஜ்" என்பதில் தமிழ், ஆங்கிலம் இரண்டின் குறியீடும் நடுவே பிளஸ் போட்டு. முதலாவதை மட்டும் எழுதினால் பொதி இறங்கும், ஆனால் பக்கத்தை ஆங்கிலமாகவே படித்துக் குப்பையாக்கும். கன்டெய்னரைப் புதிதாக உருவாக்கும்போதெல்லாம் பொதி மறுபடி இறங்கும், அப்போது நெட் இருக்க வேண்டும். ஸ்கேன் 300 டிபிஐ. கையால் எழுதிய பழைய பத்திரத்தை அது படிக்காது, அதற்குத் தலைப்பிலேயே சர்வே எண்ணையும் ஊர்ப் பெயரையும் நாம்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.