எரிந்த காட்டில் வில்லோடு எல்க் வேட்டை: கண்ணுக்குத் தெரிகிறது, அம்புக்கு எட்டவில்லை

கரிமுகம் (கேள்வி):

கொலராடோவில் கிரான்பிக்கு வடக்கே, 125ஆம் நெடுஞ்சாலையிலிருந்து ஏறிப்போகும் ஒரு சரிவில் பதினோரு வருடமாக வில்லோடு எல்க் (பெரிய மான் வகை) வேட்டைக்குப் போய்வருகிறேன். முதல் ஆறு வருடம் அது பச்சைக் காடு. (பச்சை என்று சொல்வதே கொஞ்சம் அதிகம், பாதி லாட்ஜ்போல் பைன் மரங்கள் பட்டை வண்டு அரித்து அப்போதே செத்து நின்றன.) 2020 அக்டோபரில் ஈஸ்ட் டிரபிள்சம் தீ வந்து ஒரு நாளுக்குள் ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் தின்றுவிட்டுப் போனது. என் சரிவும் அதோடு போச்சு.

"எரிந்த காடா? கொடுத்து வைத்தவர்ய்யா நீங்கள், எல்க் குவிந்து கிடக்குமே" என்று சொல்கிற ஒவ்வொருவரையும் ஒரு நாள் விடியற்காலை அங்கே கூட்டிப்போய் நிறுத்த வேண்டும். குவிந்துதான் கிடக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. போன செப்டம்பரில் ஒரே இடத்தில் உட்கார்ந்து 23 எண்ணினேன், அதில் ஒரு கொம்பன் விடாமல் கூவிக்கொண்டே இருந்தான். எல்லாம் 400 கஜம் தள்ளி. நான் 40 கஜத்துக்கு மேல் அம்பு விடமாட்டேன். நடுவில் இருக்கிற அந்த 360 கஜத்தில் ஆள் ஒளிய ஒரு புதர் கிடையாது, முழங்கால் உயரப் புல், இடையிடையே கருகிய கம்பங்கள், அதுவும் ஒவ்வொன்றும் என் தொடை பருமன்கூட இல்லை. வில்லை இழுக்கக் கையைத் தூக்கினால் மலையே பார்க்கிறது.

சத்தம் அதைவிட மோசம். எங்கே கால் வைத்தாலும் அப்பளம் நொறுங்குவது மாதிரி நொறுங்குகிறது. காற்றடித்தால் நிற்கிற கம்பங்கள் ஒன்றோடொன்று இடித்து டொக் டொக் என்கின்றன, கொம்பன் மரத்தில் கொம்பைத் தேய்க்கிறான் என்று நினைத்து முக்கால் மணி நேரம் ஒரு கட்டையை நோக்கித் தவழ்ந்திருக்கிறேன். சாயங்காலம் கூடாரத்துக்குத் திரும்பினால் கன்னத்தில் நாண் தொடும் இடத்தில் மட்டும் நேர்கோடாகக் கரி. ஒரு அம்பும் விடவில்லை, கரி மட்டும் மிச்சம். (இழுத்துப் பிடித்துவிட்டு இறக்கிய வகையில் வந்தது.)

விட்டுவிட்டு வேறு இடம் பார்க்கலாமா, இல்லை இதில் ஏதாவது வழி இருக்கிறதா?

பழையநாண்:

தம்பி, இடத்தை விடாதீர்கள், ஆனால் எரிந்த இடத்துக்குள் வேட்டையாடுவதை விடுங்கள். இரண்டும் வேறு.

தீ எல்லாவற்றையும் ஒரே மாதிரி எரிப்பதில்லை. ஈர ஓடை ஓரம், வடக்கு பார்த்த பள்ளம், பாறைக்குப் பின்னால் என்று அங்கங்கே பச்சைத் திட்டுகள் தப்பியிருக்கும். எரிந்த சரிவு எல்க்குக்குச் சாப்பாட்டுத் தட்டு. புல்லும், வேரிலிருந்து வெடித்து வந்த ஆஸ்பென் கன்றும் ராத்திரி முழுக்கத் தின்னும். வெயில் ஏறினால் அந்த உரோமத்தோடு கரிச்சரிவில் அதனால் படுக்க முடியாது, நிழலுக்குப் போயே ஆக வேண்டும். நீங்கள் 23 எண்ணினீர்களே, அவை எந்தப் பக்கம் நடந்து மறைந்தன என்று பார்த்தீர்களா? வேட்டைக்கான இடம் அதுதான்.

அப்புறம் காற்று, நம் வாடையை எல்க்கிடம் கொண்டுபோவது அதுதான். நீங்கள் அதைச் சொல்லவே இல்லை, அதனால் அதில்தான் அடி வாங்குகிறீர்கள் என்று எனக்குச் சந்தேகம். காலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி இறங்கும், வெயில் பட்டதும் திரும்பி மேலே ஏறும், இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூடிய காட்டில் அந்தத் திருப்பத்துக்கு நேரம் பிடிக்கும். எரிந்த சரிவில் நிழலும் இல்லை, தரையும் கறுப்பு, சூரியன் எட்டிப் பார்த்த கொஞ்ச நேரத்தில் காற்று மாறிவிடுகிறது, நடுவில் ஒரு பத்து இருபது நிமிடம் எங்கே போவது என்று தெரியாமல் சுழல்கிறது. காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க நான் பொடி டப்பாவை நெஞ்சுப் பையிலேயே வைத்திருப்பேன், இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் ஒரு பிதுக்கு. ஒரு காலை, பொடி என் முகத்திலிருந்து கீழே போய், முழங்கால் அருகே திரும்பி, தோளுக்கு மேலே ஏறியது. அன்றைக்கு எழுந்து கூடாரத்துக்கே போய்விட்டேன். இருந்திருந்தால் அந்தப் பள்ளத்தையே காலி செய்திருப்பேன்.

சாம்பல்மழை:

நீங்களாவது எல்க்கைப் பார்த்தீர்கள். என் 2020 கதை கேளுங்கள். கேமரன் பீக் தீ ஆகஸ்ட் 13 அன்று சேம்பர்ஸ் ஏரிப் பக்கம் பிடித்தது. செப்டம்பர் 2 அன்று வில் வேட்டை தொடக்கம், நான் இரண்டு வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று. தொழிலாளர் தின விடுமுறைக்குள் (அமெரிக்காவில் அது செப்டம்பர் முதல் திங்கள்) ஒரு லட்சம் ஏக்கர் தாண்டியது, என் பாதைகள் எல்லாம் மூடல் உத்தரவுக்குள். ஃபோர்ட் காலின்ஸில் கார் மேல் சாம்பல் விழுந்துகொண்டிருக்க, நான் கொட்டகையில் உட்கார்ந்து அம்புக்கு இறகு ஒட்டினேன். மறுநாளே பனி கொட்டியது, அணைந்துவிடும் என்று ஆடாத குறை. அணையவில்லை, கடைசியில் 2,08,913 ஏக்கர், மாநில வரலாற்றிலேயே பெரியது.

மூடல் உத்தரவைத் தாண்டி உள்ளே போகலாம், யார் பார்க்கப்போகிறார்கள் என்று அப்போது ஒரு நண்பர் சொன்னார். அபராதம் இருக்கட்டும், தீயணைப்பு ஆட்கள் உயிரைக் கையில் பிடித்து நிற்கும் இடத்தில் நம்மையும் தேட வேண்டியிருக்கும். போகவில்லை.

தீ அணைந்த பிறகும் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். கடுமையாக எரிந்த மண்ணில் தண்ணீர் இறங்காது, மழை அப்படியே வழிந்தோடும். 2021 ஜூலை 20 அன்று பூடர் பள்ளத்தாக்கில் பிளாக் ஹாலோவில் வந்த வெள்ளம் நான்கு பேரைக் கொண்டுபோனது. ஓடைக்கரையில் கூடாரம் போடுகிற பழக்கத்தை அந்த வருடத்தோடு விட்டேன்.

இரண்டுநடை:

எல்லோரும் கிட்டே போவது எப்படி என்றே பேசுகிறீர்கள். அடித்த பிறகு என்ன செய்வீர்கள்?

மூன்று வருடம் முன்னால் எரிந்த சரிவின் அடியில் ஒரு கொம்பனை அடித்தேன். 28 கஜம், இரண்டு நுரையீரலும், எண்பது அடி ஓடி விழுந்தான். சந்தோஷம் அங்கேயே முடிந்தது. கறியை எலும்பிலிருந்து கழற்றியும் 90 கிலோவுக்குக் குறையவில்லை. வண்டிக்கு ஒன்றரை கிலோமீட்டர்தான், ஆனால் வேர் எரிந்த மரங்கள் வருடா வருடம் சாய்ந்து, குச்சி டப்பாவைக் கொட்டிவிட்ட மாதிரி இடுப்பு உயரத்துக்கு ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. 30 கிலோ முதுகில், ஒவ்வொரு கட்டையாகக் கால் தூக்கி. ஒரு நடைக்கு மூன்று மணி நேரம், மூன்று நடை. (பெயரில் இரண்டுநடை என்று இருக்கிறது, அது தீக்கு முன்னால் வைத்த பெயர்.) கடைசி நடையில் காற்று எழுந்தது, எனக்குப் பின்னால் எங்கேயோ ஒரு மரம் சாய்ந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

வருடம் ஆக ஆக விழுந்த மரம் கூடும், அதனால் பழைய வரைபடத்தில் இருக்கும் பாதையை நம்பி அடிக்காதீர்கள். முதலில் வெளியே வரும் வழி, அப்புறம்தான் உள்ளே போகும் வழி. காற்று அதிகம் என்று முன்னறிவிப்பு இருந்தால் நான் அந்தப் பக்கமே போவதில்லை.

கரிமுகம்:

@பழையநாண் அண்ணே, பிடித்துவிட்டீர்கள். காற்றை நான் விடியும்போது ஒரு தரம் பார்ப்பேன், அவ்வளவுதான். அவை மறைந்த பக்கம் ஞாபகம் இருக்கிறது, மேற்கே ஒரு சின்னக் கணவாய் தாண்டி, எரியாத ஸ்ப்ரூஸ் மரக்கூட்டம் ஒன்று. உள்ளே எல்க் வந்து புரளும் சேற்றுக்குழி ஒன்று இருந்தது, தீக்கு முன்னால் பார்த்தது. இன்னும் இருக்குமா, இல்லை மேலிருந்து வந்த சாம்பல் வண்டலில் மூடியிருக்குமா?

பழையநாண்:

போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஆகஸ்டிலேயே போங்கள், நடுப்பகலில் வேண்டாம், படுத்திருக்கும். அவை மேயப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, காற்று மேலிருந்து உங்கள் பக்கம் இறங்கும்போது, கீழ்ப்பக்கமாக நுழைந்து ஒரே ஒரு தரம் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். குழியின் விளிம்பில் சேறு ஈரமாகவும், பக்கத்து மரத்தில் உங்கள் இடுப்பு உயரத்துக்குச் சேறு பூசியும் இருந்தால், செப்டம்பரில் இறங்கு காற்று நிலையாக இருக்கும் ஒரு சாயங்காலம் மட்டும் அங்கே உட்காருங்கள். தினமும் உட்கார்ந்தால் ஒரே வாரத்தில் அந்த இடம் செத்துவிடும்.

இரண்டுநடை:

அந்தக் கணவாயில் மரம் எவ்வளவு விழுந்திருக்கிறது என்பதையும் அதே நடையில் பார்த்துவிடுங்கள். கைரம்பம் ஒன்று எடுத்துப்போங்கள்.

கரிமுகம்:

சரி. ஆகஸ்ட் மூன்றாம் வாரம் போகிறேன். பொடி டப்பா இரண்டு வாங்கிவிட்டேன்.