முக்கூர்த்தி வரையாட்டுக்குப் புது ரத்தம் தேவையா?

கோத்தகிரிக்காரன்
போன வாரம் ஊட்டியில் வரையாடு பற்றிப் பேச்சு வந்தது. "தமிழ்நாட்டுக் கணக்கெடுப்பில் 2024இல் 1,031, 2025இல் 1,303. இனி என்ன கவலை?" என்றார் நண்பர். எனக்கு மனம் ஒப்பவில்லை. தலையை எண்ணினால் மட்டும் போதாது.

வட அமெரிக்காவின் மேற்குக் கடலோரத்தில் சால்மன் மீன் தின்று வாழும் ஓர்காக் கூட்டம் ஒன்று இருக்கிறது. ஓர்காவும் டால்பின் குடும்பம்தான். சுமார் 75 உயிர்கள். அதே கடலில் வேறு ஓர்காக்களும் திரிகின்றன, ஆனால் இவை அவற்றோடு சேருவதில்லை. 1990க்குப் பிறகு பிறந்த குட்டிகளில் பாதிக்கு மேல் இரண்டே ஆண்களின் பிள்ளைகள். சொந்தத்துக்குள்ளேயே சேர்ந்து பிறந்தவை சீக்கிரம் சாகின்றன என்று 2023இல் மரபணு ஆய்வு காட்டியது. தடுப்பே இல்லாத கடலில் இந்த நிலை என்றால், தேயிலையும் அணைகளும் சூழ்ந்த மலை உச்சியில் நிற்கும் ஆடு என்ன ஆகும்? கேரளத்தின் இரவிகுளத்திலிருந்து சில பெட்டைகளை நம் நீலகிரியின் முக்கூர்த்திக்குக் கொண்டுவர வேண்டும். புளோரிடாவில் 1995இல் டெக்சஸிலிருந்து பூமா என்ற பெரிய பூனையினத்தில் எட்டுப் பெண்களை விட்டார்கள். வால் மடங்கி, இதயக் கோளாறோடு பிறந்துகொண்டிருந்த அந்த ஊர்ப் பூமாக்கள் மீண்டன.

கொடை_பூம்பாறை
தம்பி, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே இருக்கும் முக்கூர்த்தி ஆடும் தெற்கே இருக்கும் இரவிகுளம் ஆடும் மரபணுவில் தனித்தனி. அந்தப் பிரிவு மனிதன் போட்டதல்ல. புளோரிடா கதை வேறு. அங்கே பூமாக்கள் முன்பு தொடர்ந்து உலவிய வழியை நாம்தான் அடைத்தோம், அடைத்ததைத் திறந்துவிட்டோம், அவ்வளவுதான். இங்கே கலந்துவிட்டால் வடக்குக் கிளை என்று தனியாக ஒன்று இருக்காது.

மெக்சிகோவின் வக்கீட்டாவைப் பாருங்கள். சின்னஞ்சிறு கடற்பன்றி, சுமார் பத்துதான் மிச்சம். மரபணு வளம் மிகக் குறைவு. "இனி மீளாது" என்று பலர் கைவிட்ட நேரத்தில், 2022இல் 20 வக்கீட்டாக்களின் முழு மரபணுத் தொகுப்பைப் படித்துப் பார்த்தார்கள். சொந்தத்துக்குள்ளேயே சேர்ந்து அழியும் நிலையில் அது இல்லை. அதைக் கொல்வது செவுள் வலை. டொடோபா மீனின் நெட்டிக்காக, அதாவது காற்றுப்பைக்காக, போடும் வலையில் இது மாட்டிச் சாகிறது. வலையை எடுத்தால் பிழைக்க வாய்ப்பு நிறைய. என் மாமனார் ஊர் பாம்பன். அங்கே வலையில் ஆவுளியா என்ற கடல்பசு மாட்டி மூச்சு முட்டிச் செத்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே எனக்கு முதல் கேள்வி, ஆட்டுக்கு வலை எது என்பதுதான். நம் மலையில் அது வாட்டில் எனும் வெளிநாட்டுச் சீகை மரம். புல்வெளியை மூடிக்கொண்டே போகிறது.

கோத்தகிரிக்காரன்
அண்ணா, வக்கீட்டாவை இங்கே பொருத்த முடியாது. அது லட்சக்கணக்கான ஆண்டுகளாகவே சின்னக் கூட்டம். கெட்ட மரபணுக்கள் தலைமுறை தலைமுறையாகச் சலித்து வெளியேறிவிட்டன. அதனால்தான் தாங்குகிறது. பெரிய கூட்டமாக இருந்து திடீரென்று சுருங்கியவற்றுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை, மறைந்து கிடந்த கேடு ஒரேயடியாக வெளியே வரும். நீலகிரியில் புல்வெளி துண்டானது கடந்த இரு நூற்றாண்டுக்குள்தானே? தேயிலை, கற்பூர மரம் (யூகலிப்டஸ்), சீகை, அணை, அப்புறம் வெள்ளைக்காரர் வேட்டை.

வடக்கிலிருந்தே எடுக்கலாம் என்பீர்கள். வடக்கில் பெரிய கூட்டமே முக்கூர்த்திதான். யாரிடம் போய்க் கேட்பது?

ஊட்டி மாணவி
இருவருக்கும் வணக்கம். விலங்கியல் படிக்கிறேன். யானைச் சீல் என்ற கடல் விலங்கையும் கொஞ்சம் பாருங்கள். வட பசிபிக்கில் எண்ணெய்க்காகக் கொன்று, 1890களில் சில பத்துதான் மிஞ்சின. 1974இல் புரதங்களைச் சோதித்தபோது அவற்றுக்குள் வேறுபாடே தெரியவில்லை. இன்று 2 லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. கோத்தகிரி அண்ணா சொன்ன "திடீர்ச் சுருக்கம்" இதற்கும் நடந்தது, இருந்தும் மீண்டது. ஆனால் அந்த ஓர்காக் கூட்டம் அப்படி மீளவில்லை. ஒரு விலங்கின் கதையை வைத்து இன்னொன்றுக்கு முடிவு சொல்ல முடியாது. ஆட்டைப் பிடிக்க வேண்டாம், பாறையில் கிடக்கும் புழுக்கையிலிருந்தே மரபணு எடுக்கலாம். எது எதற்குச் சொந்தம், எந்தக் கிடா எத்தனை குட்டிக்கு அப்பன் என்று தெரிந்தபின் சண்டை போடுவோமே.

கொடை_பூம்பாறை
நல்லது அம்மா. புழுக்கை ஆய்வில் குட்டிகள் சாவதும் சொந்தத்துக்குள் சேருவதும் ஒன்றாகத் தெரிந்தால், கலப்பது பற்றி நான் மறுபடி யோசிக்கத் தயார். வரையாடு திட்டத்துக்கு 25.14 கோடி ஒதுக்கியிருக்கிறார்கள், அதில் இதற்கு இடம் இருக்க வேண்டும். ஆனால் சீகையை வெட்ட எந்த ஆய்வுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

கோத்தகிரிக்காரன்
அதில் உங்களோடு நிற்கிறேன். ஒன்று மட்டும், வெட்டினால் முடியாது அண்ணா. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும். வெயில் பட்டதும் கன்று கன்றாகக் கிளம்பும். ஒவ்வொரு மழைக்கும் பின்னால் ஆள் விட்டுப் பிடுங்க வேண்டும். பெட்டைகளைக் கொண்டுவரும் பேச்சை நான் கைவிடவில்லை, புழுக்கை முடிவு வந்ததும் இதே இடத்தில் திரும்பக் கேட்பேன்.