நான்கு நண்பர்கள், ஒரு கேம்பர்வேன், ஏழு நாள்: இங்கிலாந்துக் கடலோரத்தில் எங்கே போவது?

கார்த்தி:

வணக்கம். நாங்கள் நான்கு பேர், கல்லூரிக் காலத்து நண்பர்கள். செப்டம்பர் இரண்டாம் வாரம் வட இங்கிலாந்தில் லீட்ஸில் கேம்பர்வேன் (உள்ளேயே படுக்கை, சமையல் வசதி உள்ள வேன்) வாடகைக்கு எடுக்கிறோம். ஏழு நாள் கையில் இருக்கிறது. முதலில் கார்ன்வாலில் போல்பெரோ, பிறகு டெவனில் க்ளோவெல்லி, அப்படியே கிழக்கே நார்ஃபோக், கடைசியில் யார்க்‌ஷயரில் ராபின் ஹூட்ஸ் பே என்று திட்டம் போட்டிருக்கிறோம். இது நடக்குமா? வேனைத் துறைமுகம் வரை ஓட்டிப்போய், கடலைப் பார்த்தபடி நிறுத்தி இரவு அங்கேயே தூங்கலாமா? எல்லோருக்கும் கார் ஓட்டிப் பழக்கம் உண்டு. வேன் இதுதான் முதல் தடவை.

மல்லிகா:

தம்பி, உங்கள் பட்டியலைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் தோழிகள் மூவரோடு நானும் முதல் முறை இப்படித்தான் கிளம்பினேன். ஏழு நாளில் பாதி நேரம் நெடுஞ்சாலையில் போய்விட்டது. லீட்ஸிலிருந்து போல்பெரோ போய்ச் சேரவே ஒரு முழு நாள் ஆகும். ஒரே ஒரு கடற்கரையைத் தேர்ந்தெடுங்கள். அங்கேயே சுற்றுங்கள்.

இரண்டாவது, துறைமுகம் வரை வேன் போகாது. அந்தக் கிராமங்கள் செங்குத்தான பள்ளத்தில், கழுதையும் கைவண்டியும் போகிற அகலத்தில் கட்டப்பட்டவை. போல்பெரோவில் வெளியூர் வண்டிகளை ஊருக்கு மேலேயே நிறுத்திவிட்டு நடந்துதான் இறங்க வேண்டும். க்ளோவெல்லியில் வண்டிக்கே இடமில்லை. வீட்டுச் சாமான்களைக் கூழாங்கல் பாவிய தெருவில் சறுக்குப் பலகையில் வைத்து இழுத்துக்கொண்டு போவார்கள். நின்று பார்த்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு அழகு. ஆனால் வேனோடு அங்கே போராட வேண்டாம்.

கார்ன்வால் சந்துச் சாலைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் பச்சைப் பசேலென்று புதர் உயர்ந்திருக்கும். வெறும் செடிதானே, கொஞ்சம் உரசினால் என்ன என்று ஓரம் ஒதுக்கினேன். உள்ளே கல். அங்கே வேலி என்பதே பல இடங்களில் கற்சுவரின் மேல் மண் போட்டு, செடி முளைத்து மூடியதுதான். பக்கக் கண்ணாடி போய்விட்டது. எதிரே டிராக்டர். என் தோழி இறங்கி, வேனுக்குப் பின்னால் நடந்தபடியே கை காட்ட, எதிர் வண்டிக்கு வழிவிட ஒதுங்கும் இடம் வரும்வரை அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுத்தேன். டிராக்டர்க்காரர் பொறுமையாகக் காத்திருந்தார். அந்த மனிதரை இன்னும் நன்றியோடு நினைக்கிறேன். அதனால் கடைசியாக எந்த ஒதுங்கும் இடத்தைக் கடந்தோம் என்பதை, ஓட்டுபவருக்குப் பக்கத்தில் இருப்பவர் கவனித்துக்கொண்டே வரட்டும்.

வேனை லீட்ஸில்தானே எடுக்கிறீர்கள்? பேசாமல் வடக்கு யார்க்‌ஷயருக்குப் போங்கள். விட்பி என்ற கடலோர ஊர் நடுவில். அங்கிருந்து தெற்கே சுமார் 6 மைலில் ராபின் ஹூட்ஸ் பே, வடமேற்கே 10 மைல் போல ஸ்டெய்த்ஸ், அதற்கு முன்னாலேயே ரன்ஸ்விக் பே. தெற்கே ஒரு கேம்ப்சைட்டில் மூன்று இரவு, வடக்கே ஒன்றில் மூன்று இரவு தங்கினால் போதும்.

ராபின் ஹூட்ஸ் பேயில் பழைய ரயில் நிலையம் இருந்த இடத்தில் வண்டியை விட்டுவிட்டு இறங்குங்கள். இறக்கம் முழங்காலில் தெரியும். கீழே வீடுகள் ஒன்றோடொன்று முதுகு ஒட்டி நிற்கும். கள்ளக்கடத்தல் காலத்தில் ஒரு பட்டுப் பொதி, வெயிலையே பார்க்காமல் வீட்டுக்கு வீடு கைமாறிக் கடலிலிருந்து மேட்டுக்குப் போய்விடும் என்று சொல்வார்கள். அந்தச் சந்துகளில் நடந்தால் நம்பத் தோன்றும்.

என் மனசு ஸ்டெய்த்ஸில்தான். பின்னாளில் கேப்டன் குக் என்று கடலோடியாகப் பெயர் எடுத்தவர், 1745-இல் அங்கே ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்த பதின்வயதுப் பையன். அந்தக் கடை இருந்த இடத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. காலை ஏழு மணிக்கு ஓடையின் மேலுள்ள நடைபாலத்தில் நின்று பாருங்கள். தண்ணீர் வடிந்திருந்தால் படகுகள் சேற்றில் சாய்ந்து கிடக்கும். கூரைகளில் கடல்காகங்கள் கத்தும். வேறு சத்தமே இருக்காது. பகல் கூட்டம் வருவதற்கு முன் இதைப் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்திலேயே தங்கினால்தான் முடியும்.

செல்வம்:

மல்லிகா அக்கா சொன்னதோடு சில நடைமுறை விஷயங்கள். சாதாரண கார் லைசென்ஸில் 3,500 கிலோ வரைதான் ஓட்டலாம். 1997-க்கு முன் பிரிட்டனில் தேர்ச்சி பெற்றவர்களுக்குத்தான் பொதுவாக அதற்கு மேல் அனுமதி உண்டு. வேனின் மொத்த எடையை முன்பதிவின்போதே கேளுங்கள். 100 லிட்டர் தண்ணீர் நிரப்பினால் அதுவே 100 கிலோ. நான்கு பேர், பெட்டிகள், சமையல் சாமான் எல்லாம் சேர்ந்தால் எல்லை சீக்கிரம் வந்துவிடும். நான்கு படுக்கை இருந்தால் மட்டும் போதாது, சீட் பெல்ட்டோடு நான்கு இருக்கை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரவு தங்குவதற்கு, நில உரிமையாளர் அனுமதி இல்லாமல் கண்ட இடத்தில் நிறுத்த வேண்டாம். கடலோரப் பார்க்கிங்குகள் பலவற்றில் இரவில் தூங்கத் தடை இருக்கும், பலகையைப் படியுங்கள். வேனிலுள்ள கழிவறைப் பெட்டியை கேம்ப்சைட்டில் அதற்கென்று இருக்கும் இடத்தில் மட்டும் காலி செய்யுங்கள். யார் என்றைக்கு அதைச் செய்வது என்று கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். எங்கள் கூட்டத்தில் சண்டை வந்தது அந்த ஒரு விஷயத்தில்தான்.

விட்பிக்கு வடக்கே லைத் பேங்க் என்ற ஏற்றம் நாலுக்கு ஒன்று, அதாவது நாலு அடி போனால் ஒரு அடி உயரும். இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டிருக்காமல் கீழ் கியரில் வாருங்கள்.

கார்த்தி:

அக்கா, அண்ணா, இருவருக்கும் மிக்க நன்றி. கார்ன்வாலை எடுத்துவிட்டோம். விட்பிதான். ராபின் ஹூட்ஸ் பேயிலிருந்து கரையோரமாகவே பாகிள் ஹோல் என்ற சிறு விரிகுடா வரை நடக்கலாம் என்கிறார்களே, சரியா?

மல்லிகா:

சந்தோஷம் தம்பி. நடக்கலாம், கடல் வற்றும் நேரத்தில் மட்டும். வற்றிக்கொண்டிருக்கும்போதே கிளம்புங்கள், ஏற ஆரம்பித்த பிறகு வேண்டாம். விட்பிக்கான அலை நேர அட்டவணையை முந்தின நாள் இரவே பாருங்கள். தண்ணீர் ஏறிவிட்டால் பாகிள் ஹோலிலிருந்து மேலே ஏறி, குன்றின் விளிம்புப் பாதையில் திரும்பலாம். கற்களுக்கு நடுவே சுருள் சுருளாக அம்மோனைட் (பழங்காலக் கடல் உயிரியின் புதைபடிவம்) கிடக்கும், தேடுங்கள். குன்றின் அடிவாரத்துக்கு மட்டும் போகாதீர்கள், கல் சரியும்.