சிட் பாரெட்டின் அந்த வழுக்கும் கிடார் ஒலி எப்படி?

அல்சூர்வாசி (பெங்களூரு): பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் 1967 முதல் ஆல்பத்தில் சிட் பாரெட்டின் கிடார் வழுக்கி வழுக்கி எதிரொலிக்கிறதே, அதைக் கொண்டுவர என்ன வேண்டும்?

ஸ்ரீராமபுரம் கிடார்: பாரெட்டுக்கு ஸ்லைடு, அதாவது கிடார் கம்பிமேல் வழுக்க வைப்பது, ஜிப்போ சிகரெட் லைட்டர். எக்கோவுக்கு பின்சன் எக்கோரெக் என்ற எதிரொலிக் கருவி. அதில் ஒலியைப் பதிய டேப்புக்குப் பதில் சுழலும் காந்த டிரம். உங்களுக்கு ஒலியைத் தாமதித்துத் திரும்பத் தரும் டிஜிட்டல் டிலே பெடல் போதும்: தாமதம் 300 மில்லிசெகண்ட், எதிரொலி 3 முறை. கூட்டினால் சுரங்கள் குழம்பும். கம்பி தாழ்வாக இருந்தால் லைட்டர் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டை) இடித்துக் கடகடக்கும், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜை உயர்த்துங்கள். லைட்டரை ஃப்ரெட்டுக்கு நேர் மேலே நிறுத்தினால்தான் சுருதி சேரும்.

ஜீவா: பாரெட் 1968இல் குழுவைப் பிரிந்தபின் 1970இல் வந்த அவருடைய இரண்டு தனி ஆல்பங்களையும் அவசியம் கேளுங்கள். முதலாவதில் சில பாடல்களுக்கு, அவர் ஏற்கெனவே பாடிப் பதிந்ததன்மேல் சாஃப்ட் மெஷின் என்ற ராக் குழுவின் கலைஞர்கள் வாசித்தார்கள். தாளம் வரிக்கு வரி நீளும், குறுகும். சீரான தாளம் தட்டும் மெட்ரோனோம் உதவாது, பாட்டுவரியைப் பிடித்துக்கொண்டு வாசியுங்கள்.