வெட்டாத பெரிடாட்: பார்த்தவங்க, வச்சிருக்கவங்க அனுபவம்

காட்பாடி உறுப்பினர்:

முதல்ல நான் ஆரம்பிக்கிறேன். பெரிடாட்னா ஆலிவின்ங்கற கனிமத்தோட நகைத்தரமான பச்சைக் கல். எங்க தெருவுல ஒரு பாட்டி இருக்காங்க. 1960-கள்ல பர்மாவை விட்டு வந்த குடும்பம். பழைய பெட்டியை ஒழிக்கும்போது சுருக்குப் பையில ஒரு பச்சைக் கல் கிடைச்சிருக்கு. மரகதம்னு நினைச்சு லாங்கு பஜார்ல ஒரு கடையில காட்டியிருக்காங்க. கடைக்காரர் பார்த்ததுமே, "மரகதம் இல்லம்மா, பெரிடாட். பட்டை தீட்டிக் குடுக்கறேன், புதனுக்கு உபரத்தினமா மோதிரத்துல போட்டுக்கலாம்"னு சொல்லிட்டார். கல்லைச் சரியாத்தான் சொல்லியிருக்கார். நல்லவேளையா, தீட்டக் குடுக்கறதுக்கு முன்னாடி பேரன் அதை என்கிட்ட எடுத்துட்டு வந்தான்.

கையில வாங்கினதும் எனக்குப் படபடப்பு ஆயிடுச்சு. கட்டைவிரல் நகம் அகலம் இருக்கும். தட்டையான உருவம், முகத்துல (படிகம் வளரும்போதே தானா அமையற தட்டைப் பக்கம்) நீளவாக்குல மெல்லிசா கோடுகள். ஒரு முனை ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ரெண்டு பக்கமும் சரிஞ்சு கூராகுது. மறுமுனை என்னைக்கோ உடைஞ்சது, அந்த இடம் மட்டும் வளைவு வளைவா கண்ணாடிப் பளபளப்பு. மஞ்சள் சாயல் உள்ள பச்சை. அந்த நிறம் கல்லோட சேர்மானத்துலயே இருக்கிற இரும்பால வர்றது. அதனாலதான் மரகதத்தோட நீலங்கலந்த பச்சை இதுல வராது.

கண்ணால பார்த்தா மட்டும் போதாதுன்னு ரெண்டு சோதனை பண்ணினோம். மளிகை ரசீதுல இருந்த ஒரு கோட்டு மேல கல்லை வச்சு, பத்து மடங்கு லூப்பால (கையடக்கப் பூதக்கண்ணாடி) கல்லுக்குள்ள பார்த்தோம். ஒரு கோடு ரெண்டா தெரிஞ்சுது. பெரிடாட் வெளிச்சத்தை ரெண்டாப் பிரிக்கிறது ரொம்ப அதிகம், 0.036 அளவு. மரகதத்துல இது 0.006-க்குப் பக்கம்தான், கண்ணாடியில சுத்தமா கிடையாது. ஒரு பக்கமாப் பார்த்துத் தெரியலைன்னா விட்டுடாதீங்க, கல்லைத் திருப்பி வேற பக்கமாப் பாருங்க.

அடுத்தது எடை. நகைக்கடைத் தராசுல கல் 4.35 கிராம். அப்புறம் தராசு மேல ஒரு டம்ளர் தண்ணி வச்சு, எண்ணைப் பூஜ்யமாக்கி, கல்லை நூல்ல கட்டி, அடியில படாம தண்ணிக்குள்ள தொங்க விட்டோம். தராசு 1.30 காட்டிச்சு. 4.35-ஐ 1.30-ஆல வகுத்தா 3.35-க்குக் கிட்ட வரும். அதே அளவு தண்ணியை விடக் கல் எத்தனை மடங்கு கனம்ங்கறதுதான் இந்த எண். பெரிடாட் 3.3-ஐ ஒட்டித்தான் நிக்கும். மரகதம் 2.7, பாட்டில் கண்ணாடி 2.5. இதுக்கு மேல சந்தேகத்துக்கு இடமே இல்ல. பர்மாவுல மோகோக் பக்கத்துல பெர்னார்ட்மியோ வட்டாரம் பெரிடாட்டுக்குப் பேர் போன இடம். முகம் தேறின படிகம் கிடைக்கிற சில ஊர்கள்ல அதுவும் ஒண்ணு.

பாட்டிகிட்ட நேர்லயே போய்ச் சொன்னேன். "பாட்டி, தயவுசெஞ்சு இதைத் தீட்டாதீங்க. தீட்டின பெரிடாட் எந்த ஊர்லயும் வாங்கலாம். இந்த முகங்களைத் திரும்ப வாங்க முடியாது." அவங்க கொஞ்ச நேரம் கல்லையே பார்த்தாங்க. "எங்க வூட்டுக்காரரு கொண்டாந்தது பா, அப்படியே இருக்கட்டும்"னு பையில போட்டுக்கிட்டாங்க.

நான் இவ்ளோ வற்புறுத்தறதுக்குக் காரணம் இருக்கு. பெரிடாட் பெரும்பாலும் பூமி ஓட்டுக்கும் கீழ இருக்கிற மேன்டில் பாறையில, ஒண்ணை ஒண்ணு நெருக்கிக்கிட்டு வளர்ற மணிகள். முகம் விட இடமே கிடையாது. அரிசோனாவுல சான் கார்லோஸ்ல எரிமலைக் குழம்போட மேல வர்ற கல்லெல்லாம் அந்த ரகம்தான், நிறம் அருமையா இருக்கும், உருவம் இருக்காது. பாறைப் பிளவுல காலி இடம் கிடைச்சு, சூடான நீர்மம் ஓடி, நிதானமா வளர்ந்தாத்தான் இப்படிப் படிகமா வரும். செங்கடல்ல இருக்கிற எகிப்தோட ஜபர்காட் தீவுல அப்படி வளர்ந்துச்சு. அந்தத் தீவுக் கல்லை ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடியே தோண்டியிருக்காங்க.

ஆம்பூர் உறுப்பினர்:

அருமையான பகிர்வு பாய். தோல் வியாபார வேலையா ஜெர்மனி போனப்ப, மியூனிக்ல அக்டோபர் கடைசியில நடக்கிற கனிமக் கண்காட்சியை எட்டிப் பார்த்தேன். பாகிஸ்தான் கோஹிஸ்தான் பகுதி சபாட் படிகங்களை முதல்முதலா அங்கதான் பார்த்தேன். 4000 மீட்டருக்கு மேல, பனி விலகுற சில மாசம் மட்டும் தோண்டுற இடம். 1990-கள்லதான் சந்தைக்கு வந்துச்சு. சில படிகத்துக்குள்ள முடி போல கறுப்பு ஊசிகள் ஓடும், லட்விகைட்ங்கற கனிமம்னு சொல்றாங்க. நகைக்காரங்களுக்கு அது குறை. எனக்கு அந்த ஊசி இருக்கிற கல்தான் உசத்தி, ஊரைச் சொல்ற அடையாளம் அது.

ஒரு மேசையில வெள்ளைப் பாறை மேல நிமிர்ந்து நிக்கிற படிகம் ஒண்ணு இருந்துச்சு. பார்க்க அம்சமா இருந்துச்சு, விலையும் அதுக்கேத்த மாதிரி. கல்லும் பாறையும் சேர்ற இடத்துல மட்டும் கொஞ்சம் மினுமினுப்பு. யூவி (புற ஊதா) டார்ச் அடிச்சேன். பெரிடாட் இரும்புள்ள கல், யூவி வெளிச்சத்துல ஒளிராது. ஆனா அடியைச் சுத்தி நீலவெள்ளையா ஒரு கோடு எரிஞ்சுது. பசை. படிகம் அசல்தான், பாறையும் அசல்தான், ரெண்டும் சேர்ந்து வளரலை. உடைஞ்சதை ஒட்டினா "ஒட்டினது"ன்னு சீட்டுல எழுதி விக்கட்டும், அதுல தப்பே இல்ல. அந்தச் சீட்டுல அப்படி ஒண்ணும் எழுதலை. பாறை இல்லாத சின்னப் படிகம் ஒண்ணை வேற மேசையில வாங்கிட்டு வந்தேன். பாறையோட இருக்கிற பெரிடாட் வாங்கறவங்க யூவி டார்ச் இல்லாமப் போகாதீங்க.

திருப்பத்தூர் உறுப்பினர் (நிலவியல் மாணவி):

அண்ணா, நம்ம பக்கம் பெரிடாட் கிடைக்குமான்னு நிறைய பேர் கேக்கறாங்க, அதனால எழுதறேன். ஏலகிரி பக்கத்துல சேவத்தூர்ல கார்பனடைட் பாறை (கார்பனேட் நிறைஞ்ச பாறைக்குழம்பு இறுகினது) இருக்கு. வெர்மிகுலைட், அப்படைட்ங்கற கனிமங்கள் எல்லாம் அங்க பார்க்கலாம், சேகரிக்கிறவங்களுக்கு நல்ல இடம். நகைத்தரப் பெரிடாட்டைத் தேடி அங்க போகாதீங்க. சேலம் சுண்ணாம்புக் கரடு ஆலிவின் நிறைஞ்ச டுனைட் பாறைதான். ஆனா அந்த ஆலிவின் மாறித்தான் வெள்ளை மேக்னசைட் ஆகியிருக்கு. ஆலிவின் காத்துலயும் மழையிலயும் மத்த பல கனிமங்களை விடச் சீக்கிரமா அழியும். பாலாத்து மணல்ல ஓரம் மழுங்கின பச்சைத் துண்டு கிடைச்சா முதல்ல லூப்ல பாருங்க. உருண்டைக் குமிழி தெரிஞ்சா அது பாட்டில் கண்ணாடி.

ஒரு சந்தேகம். பாட்டியோட கல்லுல வெள்ளையா ஏதாவது படிஞ்சிருந்தா ஆசிட்ல கழுவலாமா?

காட்பாடி உறுப்பினர்:

வேண்டவே வேண்டாம்மா. மத்த கல்லுக்குப் போடற ஆசிட்டை இதுக்குப் போட்டா முகமே அரிச்சு மங்கிடும். நகைப் பட்டறையில வெள்ளி வெளுக்க வச்சிருக்கிற ஆசிட்லயும் முக்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணி, கொஞ்சம் சோப்பு, மெத்துன்னு ஒரு பிரஷ், அவ்ளோதான். அல்ட்ராசோனிக்கும் நீராவியும் கூடாது, உள்ள இருக்கிற விரிசல் பெருசாயிடும். கடினம் மோஸ் அளவுகோல்ல (1-லேருந்து 10 வரை) 6.5-லேருந்து 7 வரைக்கும்தான், அதனால குவார்ட்ஸோட ஒரே டப்பாவுல போட்டு வைக்காதீங்க. தனியா பஞ்சு வச்சு, கூடவே எங்கேர்ந்து வந்துச்சுன்னு ஒரு சீட்டு எழுதிப் போடுங்க. பாட்டி கல்லுக்கு அந்தச் சீட்டைப் பேரன் எழுதிட்டான்.