சிடி பாடுகிறது, டிவிடி மட்டும் படிக்க மாட்டேன் என்கிறது

கேட்டவர்:
வணக்கம். 2011-இல் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப், இப்போது விண்டோஸ் 10. அக்கா கல்யாண டிவிடி மூன்று இருக்கிறது, ஸ்டுடியோவில் 2009-இல் எழுதிக் கொடுத்தது. பொங்கலுக்கு வந்த அத்தை பார்க்க வேண்டும் என்றாரே என்று போட்டேன். தட்டு உள்ளே போகிறது, விளக்கு மினுக்குகிறது, "டக், டக், டக்" என்று சத்தம், அப்புறம் அமைதி. 'இ' டிரைவைத் திறந்தால் டிஸ்க்கைப் போடு என்கிறது. போட்டுத்தானே வைத்திருக்கிறேன்! மூன்றும் இதே கதைதான். பழைய பாட்டு சிடி போட்டால் மட்டும் ஜோராகப் பாடுகிறது. கெட்டது டிஸ்க்கா, டிரைவா?

பதில் 1:
விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற இரண்டு பதிவுகளையும் அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள் சார். எனக்கு அதில்தான் சரியானது.

பதில் 2:
அவசரப்பட்டு ரெஜிஸ்ட்ரியில் கை வைக்காதீர்கள். அந்த வைத்தியம், டிரைவே கண்ணில் படாதபோது அல்லது கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி விழும்போதுதான். உங்களுக்கு டிரைவ் தெரிகிறது, சிடி ஓடுகிறது. அப்படியென்றால் கேபிள், டிரைவர் மென்பொருள் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன.

சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் லேசர், டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். டிரைவுக்குள் இரண்டும் தனித்தனி. ஒன்று களைத்துப்போனாலும் இன்னொன்று வேலை செய்யும். அந்த "டக் டக்" சத்தம் பெரும்பாலும் லென்ஸ் மேலும் கீழும் ஏறி இறங்கி ஃபோகஸ் தேடுவது. கிடைக்கவில்லை என்றால் கைவிட்டுவிடும். கடையில் வாங்கிய பட டிவிடி ஏதாவது இருந்தால் போட்டுப் பாருங்கள். தொழிற்சாலையில் அச்சடித்த டிஸ்க், ஸ்டுடியோவில் எழுதியதைவிட நன்றாக ஒளியைத் திருப்பி அனுப்பும். அதையும் படிக்காவிட்டால் டிரைவ்மேல்தான் சந்தேகம்.

கேட்டவர்:
பட டிவிடியும் படிக்கவில்லை. லென்ஸைத் துடைத்தால் சரியாகுமா? டிஸ்க்கில் பேஸ்ட் தேய்க்கச் சொல்கிறான் தம்பி.

பதில் 2:
பேஸ்ட்டைப் பல்லுக்கு வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கை மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்தால் போதும், வட்டமாக வேண்டாம். லென்ஸுக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸ், இலேசாக ஒரு முறை. அழுத்தினால் லென்ஸைத் தாங்கியிருக்கும் கம்பி வளைந்துவிடும். ஆனால் சிடி படிக்கும்போது லென்ஸில் தூசு என்று நான் பெரிதாக நம்பவில்லை. வேறு டிரைவ் கிடைக்குமா பாருங்கள்.

கேட்டவர்:
துடைத்துப் பார்த்தேன், பலனில்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய சாட்டா (மதர்போர்டில் இணைக்கும் கேபிள் வகை) டிரைவ் ஒன்று வாங்கி மாட்டினேன். முதல் இரண்டு டிவிடியும் ஓடின! அத்தை முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மூன்றாவதுதான் முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிற்கிறது. டிரைவ் கிரைண்டர் மாதிரி அதிர்கிறது.

பதில் 3:
அந்த டிஸ்க்கின் மேல் மணமக்கள் படம் போட்ட காகித ஸ்டிக்கர் இருக்கிறதா?

கேட்டவர்:
எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? ஆமாம், ஒரு ஓரம் தூக்கியிருக்கிறது.

பதில் 3:
அந்தக் காலக் கல்யாண டிஸ்க்கில் இது சகஜம். ஸ்டிக்கர் தூக்கினால் எடை ஒரு பக்கம் சாய்ந்து, வேகமாகச் சுற்றும்போது டிஸ்க் ஆடும். பிய்க்காதீர்கள். சிடியாக இருந்தால் தகவல் அடுக்கே ஸ்டிக்கரோடு உரிந்து வந்துவிடும். டிவிடியில் அது இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் கொஞ்சம் தப்பிக்கலாம், ஆனாலும் உரிக்கும்போது டிஸ்க் வளைந்து கெட வாய்ப்புண்டு. ஓரத்தை அழுத்தி ஒட்டிவிட்டு, லினக்ஸ் பென்டிரைவில் கணினியை ஏற்றி, டிரைவ் வேகத்தை 4 எக்ஸ் ஆக (அடிப்படை வேகத்தின் நான்கு மடங்கு) குறைத்து, கெட்ட டிஸ்க்கிலிருந்து தகவலை மீட்கும் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளில் எடுங்கள். படிக்க முடிந்ததையெல்லாம் முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடத்துக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை படித்தது என்று குறித்து வைக்கும் மேப் ஃபைல் கொடுக்க மறந்துவிடாதீர்கள். நல்ல இரண்டு டிஸ்க்கையும் கையோடு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிடுங்கள்.

கேட்டவர்:
இரண்டையும் காப்பி எடுத்தாயிற்று. மூன்றாவது 93 சதவீதத்தில் நின்று நின்று போகிறது. கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்தா?

பதில் 3:
மேப் ஃபைல் இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ராத்திரி முழுக்க ஓட விடுங்கள்.